யாளிக்கு எந்தச் சொல்?

கேள்வி: மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வரும் ஸ்பெயின், மெக்சிகோ பயணிகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். ஸ்பானிஷ் ஓரளவு பேசுவேன். ஆனால் 'உயிரினம்' என்று பார்த்தால் அகராதியில் செர் பிபோ, க்ரியதூரா, அனிமால், பிச்சோ என்று வரிசையாக நிற்கின்றன. எதை எங்கே சொல்வது?
- ஒரு வாசகர், தெற்கு மாசி வீதி, மதுரை

பதில்: 'செர் பிபோ' உங்களுக்கு அதிகம் தேவைப்படாது. அது உயிரியல் பாடப்புத்தகச் சொல். செடி, காளான், கிருமி எல்லாம் அதில் அடக்கம். கோயிலுக்குள் உங்களுக்குக் கைகொடுப்பது 'க்ரியதூரா'. ஆயிரங்கால் மண்டபத்து யாளியைக் காட்டி 'அனிமால்' என்றால், அது எந்தக் காட்டில் இருக்கிறது என்று கேட்பார்கள். 'க்ரியதூரா மித்தோலோஹிகா' என்று சொல்லுங்கள், புராண உயிர் என்று உடனே புரியும். 'பெஸ்தியா' என்றும் சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. மூர்க்க மிருகம் என்ற வாடை அதில் இருக்கிறது. நம் யாளி காவலுக்கு நிற்பது. இன்னொன்று, கைக்குழந்தையைப் பார்த்தும் அவர்கள் 'க்ரியதூரா' என்பார்கள். அது கொஞ்சல்தான்.

மீன் விஷயத்தில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நீரில் நீந்தினால் 'பெஸ்', பிடித்துச் சமையலுக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. அன்னையின் பெயரை விளக்கும்போது 'பெஸ்காதோ' என்று வாய் தவறினால், கேட்பவர் மனதில் தட்டில் கிடக்கும் மீனின் கண் வந்து நிற்கும். 'ஓஹோஸ் கோன் ஃபோர்மா தே பெஸ்', அதாவது மீன் வடிவக் கண்கள் என்று சொல்லுங்கள், அழகாக இருக்கும். பொற்றாமரைக் குளத்தில் மீனே இருக்கக் கூடாது என்று நாரை வரம் கேட்ட திருவிளையாடலைச் சொல்லும்போதும் பன்மையில் 'பெசெஸ்'தான். நாரை தின்னவந்த மீனாயிற்றே என்று குழம்ப வேண்டாம், அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

அப்புறம் மாடு. நாம் எல்லாவற்றையும் மாடு என்று சொல்லிவிடலாம், அவர்களால் முடியாது. பசு 'பாக்கா'. காயடித்த எருது 'புவேய்'. நந்தியும், அலங்காநல்லூர் வாடிவாசலில் பாய்ந்து வரும் காளையும் 'தோரோ'. அந்தக் காளையைப் போய் 'புவேய்' என்றால் வளர்த்தவர் மனம் என்ன பாடுபடும்! திமிலைப் பார்த்துவிட்டு 'செபூ' என்பார்கள். திமில் மாட்டினத்துக்கு அதுதான் பெயர், தவறில்லை.

'பிச்சோ' பூச்சி பொட்டுக்கு வீட்டில் புழங்கும் சொல். போர்ட்டோ ரிக்கோவில் அது ஆபாச வார்த்தை. யார் எந்த ஊர் என்று தெரியாத கூட்டத்தில் 'இன்செக்தோ' என்றே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. உயிரோடு இருக்கிறது என்பதற்கு 'எஸ்தா பிபோ'. 'எஸ் பிபோ' என்றால் ஆள் சூட்டிகை என்று பொருள் மாறிவிடும்.