‘நாங்க ஜமீன் பரம்பரை’ என்று வீட்டில் சொல்கிறார்கள், கையில் ஒரு காகிதமும் இல்லை. எப்படிச் சரிபார்ப்பது?

ஜமீன் என்பது சர்க்காருக்கு ஆண்டுதோறும் நிலையான ஒரு தொகையைக் கட்டிவிட்டு, குடியானவர்களிடம் வரி வசூலித்துக்கொள்ளும் உரிமை. அந்தத் தொகைக்கு பேஷ்குஷ் என்று பெயர். சென்னை மாகாணத்தில் 1802ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி இதற்குச் சன்னது, அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீனை ஒழித்தது, இழப்பீடும் தந்தது. வரி, வழக்கு, இழப்பீடு என்று இத்தனை நடந்த இடத்தில் காகிதம் இல்லாமல் போவது அபூர்வம்.

பிறகு ஏன் இந்தப் பேச்சு? ஜமீனில் கணக்கு எழுதியவர், மூன்று தலைமுறை கழித்துப் பேரன்மார் வாயில் ஜமீன்தாராகவே ஆகிவிடுவார்!

நிலம் வாங்கும்போது தாய்ப் பத்திரம் கேட்கிறோம் அல்லவா, அதே முறைதான். உங்களில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ஜமீன்தாரில் தொடங்கிக் கீழே வந்தால் ஒரே பெயருள்ள வேறு யாரையாவது தாத்தாவாக்கிக்கொள்வீர்கள். பிறப்பு, இறப்புப் பதிவு, வில்லங்கச் சான்று, அதில் வரும் பழைய பத்திரங்கள். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்ற அந்த ஒரு வரிதான் இரண்டு தலைமுறைகளை இணைக்கும் கணு. ஒரு கணு விட்டுப்போனாலும் அதற்கு மேலே இருப்பது வெறும் ஊகம். ஜமீன் ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் போக வேண்டும்.

ஜமீன் என்றாலே ராஜ வம்சம் என்று நினைப்பதும் தவறு: சேலம் பக்கம் மிட்டா எனப்பட்ட சிறு ஜமீன்களை ஏலம் விட்டார்கள், பணம் இருந்தவர் எடுத்தார்.