லாவர் வியாபாரி இல்ல தம்பி

கடிதம்:

அன்புள்ள சார், வேலைக்காக ஜெர்மனியில எர்லாங்கன் ஊருக்கு வந்து ஒரு வருஷமாச்சு. போன சனிக்கிழமை பழைய சாமான் சந்தையில ஒரு பித்தளை டோக்கன் 3 யூரோவுக்கு வாங்கினேன். ஒரு பக்கம் 10, மறுபக்கம் 'வேர்ட்மார்க்கே', ஓரத்துல பொடி எழுத்துல 'எல். கிர். லாவர், நியூரம்பெர்க்'. கருப்பா இருந்துச்சு, வினிகர்ல ஊறப்போட்டு டூத்பேஸ்ட் வச்சு தேச்சேன், இப்ப பளபளன்னு இருக்கு. லாவர் எந்த வியாபாரி? எவ்ளோ பெறும்? போட்டோ அனுப்பியிருக்கேன். - கே.

பதில்:

அன்புள்ள கே.,

எவ்ளோ பெறும்ங்கிறத விடுங்க, குடுத்த 3 யூரோ திரும்பி வந்தா அதிர்ஷ்டம்.

லாவர் கதைக்கு வரேன். பல வருஷம் முன்னாடி நானும் நியூரம்பெர்க்ல இதே மாதிரி ஒண்ண வாங்கிட்டு, லாவர்னு ஒரு பெரிய மளிகைக்கடைக்காரர் இருந்திருப்பார், தொப்பையும் மீசையுமா கல்லாவுல உக்காந்திருப்பார்னு கற்பனையெல்லாம் பண்ணிக்கிட்டு ரெண்டு ராத்திரி தேடினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, லாவர்ங்கிறது டோக்கன் அடிச்சுக் குடுத்த பட்டறை! வேர்ட்மார்க்கேன்னா ஜெர்மன்ல மதிப்பு வில்லை, கடையில காசுக்குப் பதிலா புழங்குறது, அவ்ளோதான். ரெடிமேடா அடிச்சு வச்சத பீர்க்கடைக்காரரும் கேன்டீன்காரரும் மொத்தமா வாங்கிட்டுப் போவாங்க. கடை பேர் எதுக்கு? அத வச்சிருக்கிற வாடிக்கைக்காரருக்கு எந்தக் கடைன்னு தெரியும், ரெண்டு தெரு தாண்டினா அது செல்லாது.

அந்த ஊர்ல இது புதுசும் இல்ல. 1586-லேருந்து 1635 வரைக்கும் அங்க ஹான்ஸ் கிரௌவின்கெல்னு ஒரு பட்டறைக்காரர் பித்தளையில கணக்கு வில்லை அடிச்சார், கோடு போட்ட பலகையில நகர்த்தி நகர்த்தி கூட்டல் கழித்தல் போடுறதுக்கு. 'கடவுள் ஆசி செல்வம் தரும்'னு ஒரு பக்கம் பக்தி, இன்னொரு பக்கம் வளைச்சு தன் பேரு. இங்கிலாந்து வயல்ல இன்னிக்கும் தோண்டி எடுத்துட்டு காசு கிடைச்சுதுன்னு குதிக்கிறாங்க. அடிச்சவன் பேரு நாலு நூற்றாண்டா நிக்குது, அத வச்சு ராத்திரி கண்ணு முழிச்சு கணக்கு பார்த்தவன் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அந்த ரெண்டாவது ஆளு மேலதான் எப்பவும் ஒரு இது.

காலம் பார்க்க சின்ன வழி: க்ரொய்ட்சர்னு பழைய சில்லறைக் காசு பேர் போட்டிருந்தா பெரும்பாலும் 1876-க்கு முந்தினது, அப்புறம் அந்த நாட்டுக் காசு மார்க்கும் ஃபென்னிக்கும்தான். அலுமினியம்னா 1890 வாக்கில விலை இறங்கினதுக்கு அப்புறம். துத்தநாகம், இரும்புன்னா முதல் உலகப்போர் சமயமா இருக்கலாம், செம்பும் நிக்கலும் போருக்குப் போயிடுச்சு, சில்லறை கிடைக்காம ஊர் ஊரா அவங்களே அடிச்சுக்கிட்டாங்க. உங்களோடது பித்தளை, அதுல எண் மட்டும், ஒண்ணும் பிடி கிடைக்காது.

கிடைச்சிருக்கலாம், அதான் வயித்தெரிச்சல். நம்ம வீட்டு எவர்சில்வர்ல பேர் வெட்டுவோம்ல, அடியில கம்பெனி முத்திரை ஒருத்தரோடது, பக்கத்துல வெட்டின பேரு நம்மளோடது. அதே மாதிரி இந்த ரெடிமேட் டோக்கன்ல சில கடைக்காரங்க தன் இனிஷியல உளி வச்சு குத்திப்பாங்க. உங்க போட்டோவ பெருசாக்கிப் பார்த்தேன், 10-க்குக் கீழ ஏதோ குத்தின தடம் இருக்கு. ஹெச்சா கேயா தெரியல. கருப்பு அடைஞ்சிருந்தா அந்தப் பள்ளம் பளிச்னு தெரிஞ்சிருக்கும், நீங்கதான் பல்லு விளக்கி விட்டுட்டீங்களே! பழைய பித்தளைய வினிகர்ல போடுன்னு யாருய்யா சொன்னது?

சரி, திட்டினது போதும். ராத்திரி லைட்ட அணைச்சிட்டு டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு இன்னொரு போட்டோ எடுத்து அனுப்புங்க. துடைக்காம.