நாக்கு எங்கே போகிறது? ஆங்கில ஒலிப்பு பற்றிச் சில கேள்வி-பதில்கள்

ஆங்கில ஒலியியலைப் பாடமாகப் படிப்பவர்களும், தாமாகவே உச்சரிப்பைச் சரிசெய்ய முயல்பவர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஐபிஏ (ஒலிகளை எழுதுவதற்கான சர்வதேசக் குறியீட்டு முறை) அட்டவணையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. நூற்றுக்கு மேல் குறிகள் இருக்கின்றன. அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அந்த அட்டவணை உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. பாரிஸில் 1886-ல் பால் பாஸி தலைமையில் மொழி ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய சங்கம்தான் பின்னர் இந்தக் குறிகளை உருவாக்கியது. பிரிட்டிஷ் பொது உச்சரிப்புக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு 44: மெய் 24, உயிர் 20.

அந்த 24 மெய்களில் 16 குறிகள், நீங்கள் சிறுவயதிலேயே கற்ற ஆங்கில எழுத்துகள்தான். ஒலியும் எதிர்பார்த்தபடியே இருக்கும். இரண்டு, 'சர்ச்', 'ஜட்ஜ்' ஆகியவற்றில் வரும் இரட்டைக் குறிகள். ஐந்து முற்றிலும் புதியவை. மிஞ்சும் ஒன்றில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்: 'ஜே' எழுத்து இங்கே 'ய்' ஒலியைக் குறிக்கும், ஜெர்மன் மொழியில் போல. 'யெஸ்' என்ற சொல் ஜே-யில் தொடங்குவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

குறிகளைக் கண்ணால் படிக்காமல் வாயால் படியுங்கள். ஒவ்வொரு மெய்க்கும் மூன்று கேள்விகள் போதும்: தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரிகிறதா? காற்று எந்த இடத்தில் தடைபடுகிறது? முழுக்க அடைபடுகிறதா, உரசிக்கொண்டு போகிறதா, மூக்கு வழியே போகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால் குறி தானாக நினைவில் நிற்கும்.

நான் பூங்காவைச் சொன்னால், நாய் குரைப்பதைச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே 'பார்க்' என்பதால் வந்த குழப்பமா?

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், சரி. ஆனால் கோளாறு எழுத்தில் இல்லை. பூங்காவுக்கான 'பார்க்'கில் உங்கள் உதடுகள் சரியாகத்தான் மூடுகின்றன, குரல் நாண்களும் சரியாகத்தான் சும்மா இருக்கின்றன. இல்லாதது அடுத்து வரவேண்டிய மூச்சு. ஆங்கிலம் பேசுபவர் உதட்டைத் திறந்ததும் ஒரு கணம் வெறும் காற்றை வெளியே விடுகிறார். அதற்கு அப்புறம்தான் 'ஆ' தொடங்குகிறது. இந்த இடைவெளியை லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இருவர் 1964-ல் பதினொரு மொழிகளில் அளந்து வெளியிட்டார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலச் சொல் முதலில் வரும் மூச்சுள்ள ப-வுக்கு இடைவெளி சுமார் 60 மில்லி விநாடி. தமிழ் ப-வுக்குச் சுமார் 10. ஆங்கிலத்தில் நாய் குரைக்கும் 'பார்க்'கின் முதல் ஒலிக்குப் பல நேரம் இது பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே நம்முடைய பத்தைக் கேட்கும் ஆங்கிலக் காது அதை அந்தப் பக்கம் சேர்த்துவிடுகிறது.

மெல்லிய தாள் ஒன்றை உதட்டுக்கு முன் தொங்கவிட்டுப் பூங்காவைச் சொல்லுங்கள். தாள் விலக வேண்டும். நாய் குரைத்தால் அசையக் கூடாது. இப்போது 'ஸ்பார்க்' என்று சொல்லிப் பாருங்கள். இதிலும் தாள் அசையாது, ஏனென்றால் ஸ-வுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் இந்த மூச்சு வருவதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் 'ஸ்பார்க்' என்று சொன்னதைப் பதிவுசெய்து, தொடக்கத்து ஸ-வை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுப் போட்டுக் காட்டினால், கேட்பவர் காதில் விழுவது நாய் குரைக்கும் 'பார்க்'.

ட, க ஒலிகளுக்கும் இதே விதிதான். எல்லா இடத்திலும் ஊதித் தள்ளாதீர்கள். அழுத்தம் பெறும் அசையின் தொடக்கத்தில் மட்டும் போதும்.

சாய்கோடுகளுக்குள் எழுதுவதற்கும் சதுர அடைப்புக்குள் எழுதுவதற்கும் என்ன வேறுபாடு? தேர்வில் ஒவ்வொரு முறையும் மதிப்பெண் போகிறது.

மேலே சொன்னதையே எடுத்துக்கொள்வோம். 'பார்க்'கின் மூச்சுள்ள ப, 'ஸ்பார்க்'கின் மூச்சில்லாத ப: இரண்டும் வேறு ஒலிகள். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் ஆங்கிலத்தில் பொருள் மாறாது, உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் விநோதமாக இருக்கும். எனவே அவை ஒரே ஒலியனின் (பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகின்) இரு மாற்றொலிகள், அதாவது இடத்துக்கு ஏற்ப மாறும் இரு வடிவங்கள். ஒலியனைச் சாய்கோடுகளுக்குள் எழுதுகிறோம். வாயிலிருந்து உண்மையில் வந்த ஒலியைச் சதுர அடைப்புக்குள், மூச்சைக் காட்ட வலது மேல்பக்கம் ஒரு குட்டி 'ஹெச்' போட்டு எழுதுகிறோம். இதே வேறுபாடு இந்தியில் பொருளையே மாற்றும், அங்கே அவை இரண்டு ஒலியன்கள்.

தமிழில் 'பல்', 'அம்பு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ப ஒரே எழுத்து, ஒலி வேறு. எங்கே எது வரும் என்று இடமே சொல்லிவிடுவதால் நமக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. ஒலியன் என்ற கருத்தை இதைவிட நன்றாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

'ஷிப்', 'ஷீப்' வேறுபாடு குறில் நெடில்தானே?

பாதிதான் சரி. குறியைப் பாருங்கள். நெடிலுக்கு 'ஐ' எழுத்தும், பக்கத்தில் ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு குட்டி முக்கோணங்களும். குறிலுக்கோ பெரிய எழுத்து 'ஐ'யின் குட்டி வடிவம். வெறும் நீளம்தான் வேறுபாடு என்றால் முக்கோணங்களை எடுத்தால் போதும், எழுத்தையே மாற்றவேண்டியதில்லை. 'ஷிப்'பில் நாக்கு சற்றுக் கீழே இறங்கி, வாயின் நடுப்பக்கமாக நகர்கிறது. தசையும் தளர்கிறது. 'ஈ' என்று தொடங்கி, குரலை நிறுத்தாமல் நாக்கை மட்டும் தளரவிடுங்கள். 'இ'க்கும் 'எ'க்கும் நடுவே ஓர் இடத்தில் அது இருக்கிறது.

நீளத்தை நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. குரலற்ற (தொண்டையில் அதிர்வில்லாத) மெய்க்கு முன்னால் ஆங்கில உயிர்கள் குறுகிவிடும். அடிப்பதைக் குறிக்கும் 'பீட்'டில் உள்ள ஈ, பாசிமணியைக் குறிக்கும் 'பீட்'டில் உள்ளதைவிட நன்றாகவே குறைவு. கடைசி மெய் எது என்பதைக்கூட ஆங்கிலக் காது பெரும்பாலும் இந்த உயிரின் நீளத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது. கடைசி மெய்யை அழுத்தி, பின்னால் ஓர் உகரத்தையும் ஒட்டிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அதை விட்டுவிட்டு உயிரை நீட்டிப் பாருங்கள், பலன் உடனே தெரியும்.

'வைன்', 'வெய்ல்' போன்ற சொற்களில் 'வீ'யும் 'டபிள்யூ'வும் எனக்கு ஒரே மாதிரி வருகின்றன.

தமிழ் வ இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் வரும் தொல்லை. "பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்" என்கிறது தொல்காப்பியம். பல்லும் இதழும் சேருவது சரி, ஆனால் நம் வ-வில் அவை லேசாகத்தான் நெருங்குகின்றன, உரசல் கேட்பதில்லை. ஆங்கில 'வீ'க்கு மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து, உரசல் காதில் விழும்வரை குரலோடு காற்றைத் தள்ளுங்கள். உதட்டில் கூச்சம் தெரிய வேண்டும். 'டபிள்யூ'வில் பல்லுக்கு வேலையே இல்லை: உதட்டைக் குவித்து 'உ' என்று தொடங்கி, சட்டென்று அடுத்த உயிருக்குப் போங்கள்.

'திங்க்', 'திஸ்' சொல்லும்போது நாக்கை வெளியே நீட்டச் சொல்கிறார்கள். அவ்வளவு நீட்ட வேண்டுமா?

நீட்டவே வேண்டியதில்லை. நுனி மேற்பல்லை ஒட்டி, காற்று கசிய ஒரு சந்து இருந்தால் போதும். நம் த-வில் நாக்கு பல்லை முழுக்க அடைக்கிறது, அதுதான் சிக்கல். ஆனால் 'அது', 'இது' என்று சாதாரணமாகப் பேசும்போது நடுவில் வரும் த-வைக் கவனியுங்கள். பெரும்பாலும் அங்கே முழு அடைப்பு இருக்காது. அந்த ஒலியைச் சொல்லின் முதலுக்குக் கொண்டுவந்தால் 'திஸ்' கிடைத்துவிடும். குரலை நிறுத்தி அதையே செய்தால் 'திங்க்'. 'திஸ்' ஒலிக்குக் குறி, குறுக்குக்கோடு போட்ட வளைந்த 'டி'. 'திங்க்' ஒலிக்குக் கிரேக்க எழுத்து தீட்டா.

ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகத்தான் உச்சரிக்கிறேன். ஆனாலும் 'மறுபடி சொல்லுங்கள்' என்கிறார்கள்.

ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொல்வதுதான் காரணமாக இருக்கும். ஆங்கிலத்தில் ஓர் அசைதான் ராஜா, மற்றவை ஒதுங்கி வழிவிட வேண்டும். அப்படி ஒதுங்கும் உயிர் பெரும்பாலும் ஷ்வா ஆகிவிடும்: நாக்கு எங்கும் போகாமல், உதடும் குவியாமல், வாய் சும்மா இருக்கும்போது வரும் ஒலி. குறி, தலைகீழாகத் திருப்பிய 'ஈ' எழுத்து. ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிர் இதுதான். ஆனால் இதற்கென்று தனி எழுத்து அகரவரிசையில் கிடையாது.

'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபோட்டோகிராஃபர்' என்றால் அது இரண்டாம் அசைக்குத் தாவி, முதல் அசை ஷ்வாவாகச் சுருங்கி, கிட்டத்தட்ட 'ஃபடாக்ரஃபர்' என்று ஆகிறது. 'ஃபோட்டோகிராஃபிக்'கில் மூன்றாவதுக்கு. எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம், அகராதியைத்தான் பார்க்க வேண்டும். மேலே நிற்கும் குட்டிச் செங்குத்துக் கோடு, அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் வரும். பின்னால் என்று படித்துவிட்டுச் சொல் முழுவதையும் தப்பாகச் சொல்பவர்கள் நிறைய.

அகராதிக்கு அகராதி குறி மாறுகிறதே, எதை நம்புவது?

ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் முன்பக்க விளக்கத்தைப் படித்துவிட்டு அதிலேயே இருங்கள். பிரிட்டிஷ் ஒலியியலாளர் டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி 1917-ல் வந்தது; இன்று பிரிட்டிஷ் அகராதிகள் பெரும்பாலும் ஐபிஏ வழியில் போகின்றன. அமெரிக்க அகராதிகள் பல, தமக்கென்று ஒரு முறையை வைத்திருக்கின்றன. போதாததற்கு, உச்சரிப்பும் வேறு: 'கோ' என்ற சொல்லின் ஈருயிர் (ஓர் உயிரில் தொடங்கி இன்னொன்றுக்கு நகரும் ஒலி) பிரிட்டனில் ஷ்வாவிலிருந்து தொடங்குகிறது, அமெரிக்காவில் ஓ-விலிருந்து.

ழ வருகிறவர்களுக்கு அமெரிக்க 'ஆர்' எளிது என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு. ழ-வுக்கு ஐபிஏ குறி, தலைகீழ் 'ஆர்' எழுத்தில் ஒரு கொக்கி. ஆங்கில 'ஆர்' அதே எழுத்துதான், கொக்கி இல்லை. இரண்டிலும் நாக்கு எதையும் தொடுவதில்லை. ழ-வில் நுனி வளைவது அதிகம், அதைக் கொஞ்சம் குறைத்து உதட்டைச் சற்றுக் குவித்தால் போதும். இன்னொரு வேடிக்கை: அமெரிக்கர்கள் 'வாட்டர்' என்பதன் நடுவில் சொல்வது நம் 'ர' போன்ற ஒற்றைத் தட்டல்.

'சிங்கர்', 'ஃபிங்கர்' இரண்டிலும் ஒரே 'ங்க'தானே?

இல்லை. பாடகரைக் குறிக்கும் முதல் சொல்லில் வெறும் ங் மட்டும், க-வே கிடையாது. விரலில் உண்டு. தமிழில் ங்-குக்குப் பின் பெரும்பாலும் க வரும் என்பதால் நம் நாக்கு அதைச் சேர்த்துவிடுகிறது. 'சிங்' என்று சொல்லி, மூக்கில் ஒலியை நீட்டி, அப்படியே 'அர்' என்பதைச் சேருங்கள்.

நான் சொல்வது சரியா என்று ஆசிரியர் இல்லாமல் எப்படிச் சோதிப்பது?

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போர்ஸ்மா, டேவிட் வெனிங்க் இருவரும் உருவாக்கிய பிராட் என்ற மென்பொருள் இலவசம். 'பார்க்' இரண்டையும் பதிவுசெய்து திறந்தால், உதடு திறந்த இடம் ஒரு கூரான செங்குத்துக் கோடாகவும், குரல் தொடங்கும் இடம் ஒழுங்கான வரிகளாகவும் தெரியும். நடுவே உள்ள இடைவெளியைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அதன் நீளத்தையே காட்டிவிடும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காதீர்கள், மூச்சு மோதி இரைச்சலாகப் பதிவாகும். கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும்.