ஸ்கூப் எடுக்கும் முன்: உடற்பயிற்சி கேள்வி-பதில்

கேள்வி: ஜிம்முக்குப் போகிறேன், எடை 60 கிலோ. வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) வாங்கியே ஆக வேண்டுமா? (தக்கலை)

வேண்டியதில்லை. எடை தூக்குபவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும்; உங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 96 கிராம். தலையும் முள்ளும் போக 200 கிராம் சாளை மீனில் (மத்தி) 40 கிராம் கிடைக்கும். அரை லிட்டர் பாலில் 16, இரண்டு முட்டையில் 12, 50 கிராம் சிறுபயறில் 12, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. மீதியைச் சோறே தந்துவிடும். சோற்றுக்குப் பதில் மரச்சீனி (மரவள்ளி) தின்னும் நாளில்தான் கணக்கு இடிக்கும், கிழங்கில் புரதம் மிகக் குறைவு. அன்று மீனைக் கூட்டிக்கொள்ளுங்கள். மீன், முட்டை தொடாதவர்களுக்குப் பவுடர் ஒரு வசதி, அவ்வளவே.

கேள்வி: கிரியேட்டின் கிட்னியைக் கெடுக்குமா? (மார்த்தாண்டம்)

கிரியேட்டின் தசைக்குச் சட்டென்று சக்தி தர உதவும் பொருள், பவுடராக விற்கிறது. ஆரோக்கியமான சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. பயம் வரக் காரணம் ரத்தப் பரிசோதனை: கிரியேட்டின் எடுப்பவருக்குக் ‘கிரியேட்டினின்’ (creatinine) என்ற கழிவின் அளவு சற்றுக் கூடும்; சிறுநீரகம் பழுதானாலும் அதுவே கூடும். சோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரக நோய் இருப்பவர் தொட வேண்டாம். சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வகை தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். தொடக்கத்தில் ஒரு கிலோ கூடினால் அது தசைக்குள் சேரும் நீர், கொழுப்பல்ல. கடையில் விற்பவற்றில் காசுக்குத் தகுந்த பலன் தருவது இதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: மாலை ஏழு மணிக்குப் பயிற்சி. ப்ரீ-ஒர்க்அவுட் பவுடர் (பயிற்சிக்கு முன் சுறுசுறுப்புக்காகக் கலக்கிக் குடிப்பது) குடித்தால் தூக்கமே வருவதில்லை. (நாகர்கோவில்)

தூக்கத்தைக் கெடுப்பது அதிலுள்ள காஃபின், காப்பியில் இருப்பதும் அதுதான். குடித்ததில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். பல பவுடர்களில் ஒரு ஸ்கூப்பிலேயே (டப்பாவில் வரும் அளவுக் கரண்டி) 200 மில்லிகிராமுக்கு மேல். குவித்து அள்ளினால் இன்னும் ஏறும். தூக்கம் கெட்டால் தசை தேறாது, பிறகு பவுடரால் என்ன லாபம்? மாலையில் அதை விட்டுவிடுங்கள். காலையில் பயிற்சி என்றால், 45 நிமிடம் முன்பு இரண்டு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் தூள் போட்ட கட்டன் காப்பி (பால் சேர்க்காதது) போதும், ஏறக்குறைய 120 மில்லிகிராம் வரும். பவுடரைத் தண்ணீரில்லாமல் வாயில் கொட்டுவது மூச்சுக்குழாயில் அடைக்கும், நெஞ்சும் படபடக்கும்.

கேள்வி: கடற்கரையில் ஓடுகிறேன். இளநீர் போதுமா? (குளச்சல்)

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் தண்ணீரே போதும். அதற்கு மேல் வியர்த்தால் உப்பு வேண்டும், இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

கேள்வி: நண்பன் ஜிம்முக்கு முன் ஒரு ஊசி போடுகிறான். களைப்பே தெரியாதாம். (கருங்கல்)

அது மெஃபென்டெர்மினாக இருக்கலாம். மயக்க மருந்தின்போது ரத்த அழுத்தம் சரிந்தால் அதை உயர்த்த மருத்துவமனையில் போடுவது. உடம்பு தரும் களைப்பு எச்சரிக்கையை அது மறைக்கும். அழுத்தம் திடீரென ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், பக்கவாதம் வரலாம். அடிமையாகிப் போனவர்களுக்கு மனநோயும் வந்திருக்கிறது. ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி. போட்டியில் கலந்துகொள்பவருக்கு ஊக்கமருந்துத் தடையும் விழும். அவனைத் தனியே உட்கார வைத்துப் பேசுங்கள், வீட்டாருக்கும் தெரியட்டும். நெஞ்சுவலி, கடும் தலைவலி, குழறிய பேச்சு வந்தால் உடனே 108. என்ன ஊசி, எவ்வளவு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.