பாய்வுப்படம் வரையும் பிள்ளையை நிரல் எழுத வற்புறுத்தாதீர்கள்

அம்மா, உங்கள் மகள் பாய்வுப்படத்தில் (ஒரு வேலையின் படிகளைக் கட்டங்களும் அம்புகளுமாக வரையும் ஃப்ளோசார்ட்) முழு மதிப்பெண் வாங்குகிறாள், நிரல் (கணினி புரோகிராம்) எழுதச் சொன்னால் முடங்கிவிடுகிறாள், அவளுடைய பெரியப்பாவோ கணிப்பொறிப் பொறியியலைத் தவிர எதையும் படிப்பாகவே மதிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயமானது. ஆனால் வீட்டை அடகு வைத்துக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு இடம் வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அவளுக்குப் பிடிக்காத ஒன்றுக்காக வாங்கும் கடன் அது. தவணை கட்டப்போவதும் பெரியப்பா இல்லை.

உறவினர் சொல்லும் மற்ற படிப்புகள் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாதது பணிமுறை ஆய்வு, அதாவது பிசினஸ் பிராசஸ் அனாலிசிஸ். ஒரு விண்ணப்பம் யார் யார் கைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று விசாரித்து, படமாக வரைந்து, தேக்கத்தை நீக்கும் வேலை. வங்கி, மருத்துவமனை, காப்பீடு, தொழிற்சாலை என்று எல்லா இடத்திலும் இது தேவை. கணினிக்கும் மூத்தது: பிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1921-லேயே பணிமுறைப் படங்களை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் முன்வைத்துவிட்டார்கள்.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று இந்த வாரமே பார்க்கலாம். நூலகத்தில் புத்தகம் திருப்பித் தருவதை வரையச் சொல்லுங்கள். தொடக்கமும் முடிவும் நீள்வட்டத்தில். புத்தக எண்ணை வாங்குவது உள்ளீடு, அது இணைகரத்தில். 'தவணை கடந்ததா?' என்ற கேள்வி சாய்சதுரத்தில். அதிலிருந்து 'ஆம்', 'இல்லை' என்று எழுதிய இரண்டு அம்புகள் கிளம்ப வேண்டும். அபராதம் கணக்கிடுவது செயல், ஆகவே செவ்வகம். பக்கம் போதாவிட்டால் சின்ன வட்டத்துக்குள் ஓர் எழுத்தைப் போட்டு, தொடரும் இடத்திலும் அதே எழுத்து வட்டத்தை வைத்து இணைக்கலாம். இந்தக் குறிகளுக்கு ஐஎஸ்ஓ 5807 என்ற தரநிலை 1985 முதல் இருக்கிறது.

பிழைகள் பெரும்பாலும் சாய்சதுரத்தில்தான். ஒரே ஓர் அம்பு வெளியேறினால் அது கேள்வியே இல்லை. 'இல்லை' அம்பு மேலே திரும்பிப் போய், வழியில் எதுவும் மாறாவிட்டால் படம் முடிவில்லாமல் சுற்றும். இதைவிடப் பெரிய குறை, கேட்காமலே விட்ட கேள்வி: புத்தகம் கிழிந்திருந்தால்? வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால்? அவளாகவே இதைக் கேட்கிறாளா என்று கவனியுங்கள். இந்த வேலைக்கு வேண்டிய குணம் அதுதான். பிறகு படத்தை இன்னொருவரிடம் கொடுத்து, வாய்திறந்து விளக்காமல், அதன்படி செய்யச் சொல்லட்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே படம் தவறு.

மென்பொருள் சோதனையிலும் இந்தத் திறன் பயன்படும். மென்பொருளின் சிக்கலை அளக்க தாமஸ் மெக்கேப் என்ற கணினி ஆய்வாளர் 1976-ல் தந்த கணக்குப்படி, 'ஆம்-இல்லை' சாய்சதுரங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் சோதிக்க வேண்டிய தனித்தனி வழிகளின் எண்ணிக்கை கிடைக்கும். மூன்று கேள்வி இருந்தால் நான்கு வழி.

படிப்புக்கு வணிகவியல், மேலாண்மை, புள்ளியியல், தொழிலகப் பொறியியல் எதுவும் போதும். செலவு குறைந்த இடமாகப் பாருங்கள். கூடவே பணிமுறைப் படங்களுக்கென்றே உள்ள பிபிஎம்என் 2.0 குறியீட்டை அவள் கற்கட்டும். அதில் தொடக்கம் மெல்லிய கோட்டு வட்டம், முடிவு தடித்த கோட்டு வட்டம், வேலை முனை மழுங்கிய செவ்வகம். யார் செய்வது என்பதைத் தனித்தனிப் பட்டைகள் காட்டும். டிரா.ஐஓ போன்ற இலவசக் கருவியே போதும், இதற்கென்று பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாதீர்கள். மூன்று படங்களை அவள் விரும்பி வரைந்து, தானே திருத்தியும் முடிக்கும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.