முதல் சிங்கிள் போடும் முன்: கேள்வி பதில்

சினிமாவுக்கு வெளியே சொந்தமாகப் பாட்டு போடும் புதியவர்கள் கேட்டவை இவை. நான் சென்னையில் இப்படிப்பட்ட பாடல்களுக்கு மிக்ஸிங் செய்து, வெளியீட்டு வேலைகளையும் பார்த்துக் கொடுக்கிறேன்.

மதுரை, ராப்: அக்கா, நேத்து ராத்திரிதான் பாட்டோட ஃபைனல் மாஸ்டர் முடிஞ்சுது. இந்த வெள்ளிக்கிழமையே விட்டுடலாமா?

வேண்டாம் தம்பி, நாலு வாரமாவது பொறுங்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் எடிட்டர்களிடம் ஒரு பாட்டைக் கொண்டுபோக வேண்டுமானால், அது இன்னும் வெளிவராத பாட்டாக இருக்க வேண்டும். வெளிவந்துவிட்டால் அந்த வாய்ப்பு போச்சு. ஏழு நாள் முன்னதாக அனுப்பிவிட்டால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பிளேலிஸ்ட்டிலும் அது சேரும்.

அப்படி அனுப்பும்போது பாட்டைப் பற்றிச் சொல்ல 500 எழுத்துதான் இடம். நிறைய பேர் அதில் 'எல்லாருக்கும் பிடிக்கும் செம வைப்' என்று எழுதி வீணாக்குகிறார்கள். 'செல்லூர் தறிச் சத்தத்தைப் பதிவு செய்து பீட்டாக்கிய ராப். இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் ஒருவரின் குரல்' என்று எழுதிப் பாருங்கள். கேட்காமலேயே பாட்டு கண்முன் வருகிறது இல்லையா?

திருநெல்வேலி, ராப்: யூட்யூபில் 'ஃப்ரீ பீட்' (இலவசப் பின்னணி இசை) எடுத்துப் பாடியிருக்கிறேன். பிரச்சினை வருமா?

வரும். ஃப்ரீ என்று போட்டிருப்பவை பெரும்பாலும் காசு பார்க்காத உபயோகத்துக்கு மட்டும்தான். காசு கொடுத்து லீஸ், அதாவது பயன்படுத்தும் அனுமதி, வாங்குங்கள், எத்தனை ஸ்ட்ரீம் வரை அனுமதி என்பதையும் படித்துவிடுங்கள். அதே பீட்டை இன்னும் பல பேர் வாங்கியிருப்பார்கள், அதனால் யூட்யூபில் ஒரே இசை எங்கே வந்தாலும் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் கன்டென்ட் ஐடியை மட்டும் ஆன் செய்யாதீர்கள். முறையாகக் காசு கொடுத்து வாங்கிய வேறொருவரின் வீடியோ மேல் உங்கள் பெயரில் க்ளெய்ம் விழும்.

தஞ்சாவூர், எலக்ட்ரானிக்: தவிலும் நாகஸ்வரமும் வைத்து ஒரு ட்ராக். ஸ்டுடியோவில் அதிர்கிறது, போனில் தவிலே காணோம்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது! தவிலின் இடப்பக்கம், தொப்பியில் குச்சி விழும்போது வரும் கும்மென்ற நாதம் போன் ஸ்பீக்கருக்கு எட்டாத அளவு கீழே இருக்கிறது. பேஸை ஏற்றினால் மிக்ஸ் கலங்குமே தவிர, போனில் எதுவும் கூடாது. தொப்பிக்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (ஒலியை லேசாகக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) கொடுங்கள். அதனால் மேலே பிறக்கும் ஹார்மோனிக்ஸ் எனும் துணைநாதங்கள் வழியாகத்தான் காது அந்தக் கீழ்நாதத்தை ஊகித்துக்கொள்ளும்.

அடுத்தது வலப்பக்கம், வலந்தலை. விரலில் மாட்டும் கூடுகளின் 'டக்' சத்தமும் நாகஸ்வரத்தின் கூர்மையும் ஏறக்குறைய 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் மோதும். தவில் சொல் விழும் இடங்களில் மட்டும் நாகஸ்வரத்தை அந்தப் பகுதியில் லேசாகக் குறையுங்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள்: சிந்தசைசர் சுருதிக்காக நாகஸ்வரத்தை ஆட்டோட்யூனில் போடாதீர்கள், கமகம் செத்துவிடும். சிந்தசைசரைத்தான் நாகஸ்வரத்தின் சுருதிக்கு நகர்த்த வேண்டும்.

ஈப்போ, மலேசியா: சினிமா இல்லாமல் தமிழில் ஒரு பாட்டு ஜனங்களிடம் போகுமா?

போகும். உங்கள் நாட்டிலிருந்து யோகி பி அண்ட் நட்சத்திரா என்ற ராப் குழு 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். இங்கே எத்தனையோ பையன்களுக்குத் தமிழ் ராப் என்று ஒன்று இருப்பது அதில்தான் தெரிந்தது. 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்று சாதியைக் கேள்வி கேட்டன. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டு எங்கெல்லாம் ஒலித்தது என்று உங்களுக்கே தெரியும். ராப்பர் அறிவு அதில் எழுதிய வரிகளில் தேயிலைத் தோட்டங்களுக்கு உழைக்கப் போன முன்னோர்களின் வாழ்க்கை இருந்தது. படத்தில் கதாநாயகனுக்கு எழுதுகிற பாட்டில் அதற்கு எங்கே இடம்?

வடசென்னை, கானா: நண்பன் எழுதினான், இன்னொருத்தர் மியூசிக், நான் பாடினேன். காசை எப்படிப் பிரிப்பது?

பாட்டு பதிவாகும் அன்றைக்கே, ஒரு தாளில். யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஹிட்டான பிறகு இதைப் பேச உட்கார்ந்தால் நட்புதான் முறியும்.

2012இல் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தியபோது, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க முடியாது என்று ஆனது. சினிமா அல்லாத பாட்டுக்கும் இது உண்டு. உங்கள் நண்பரையும் இசையமைத்தவரையும் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகச் சொல்லுங்கள். கானா எழுதுகிறவர் பெயரே இல்லாமல் பாட்டு மட்டும் ஊரெல்லாம் சுற்றுவது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கோவை, பாப்: காசு கொடுத்தால் லட்சம் ஸ்ட்ரீம் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

கொடுக்காதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று கண்டுபிடித்தால் பாட்டையே தூக்கிவிடுவார்கள், பாட்டை ஆப்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு விழும் அபராதமும் உங்கள் தலையில்தான் வந்து விடியும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டினால்தான் ஒரு பாட்டுக்குக் காசு. அந்த ஆயிரத்தை உண்மையான ஆட்களிடமிருந்து வாங்கப் பாருங்கள்.

யாழ்ப்பாணம், கிட்டார் பாடல்கள்: அக்கா, என்ர பாட்டு அதே பேருள்ள வேற ஒருத்தரின்ர ஆர்ட்டிஸ்ட் பக்கத்தில போய் நிக்குது.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதினால் மாற்றித் தருவார்கள், பயப்பட வேண்டாம் தங்கச்சி. அடுத்த பாட்டை ஏற்றும்போது, உங்கள் ஆர்ட்டிஸ்ட் பக்கத்தின் லிங்க்கையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.