பெண், பாட்டி ஆகிய சொற்கள் பல மொழிகளில் எப்படிப் பிறந்தன?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தின் 'வுமன்', ஆணைக் குறிக்கும் 'மேன்' என்பதிலிருந்து வந்ததுதானா? பாட்டியைக் குறிக்கும் சொற்கள் ஏன் பல மொழிகளில் அம்மாவின் பெயரை ஒட்டியே இருக்கின்றன?

முதல் கேள்விக்கு விடை, இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'மன்' என்றால் மனிதர். ஆண் பெண் இருவருக்கும் பொது. பெண்ணுக்குத் தனியாக 'வீஃப்', ஆணுக்குத் தனியாக 'வெர்' இருந்தன. 'வீஃப்மன்' என்றால் பெண் மனிதர். அது தேய்ந்துதான் 'வுமன்' ஆனது. 'வெர்' வழக்கொழிந்துபோய், ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் 'வேர்வுல்ஃப்' போன்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் இடத்தில், எல்லோருக்கும் பொதுவாக இருந்த 'மன்' ஆண்களுக்கு உரியதாகிவிட்டது. பெண்ணின் பெயர் ஆணிடமிருந்து வரவில்லை. பொதுப்பெயரை ஆண் எடுத்துக்கொண்டான் என்பதே நடந்தது. 'வீஃப்' பின்னாளில் 'வைஃப்' ஆகி மனைவி என்று சுருங்கியது. ஆனால் பேறுகாலம் பார்ப்பவரைக் குறிக்கும் 'மிட்வைஃப்' பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 'மிட்' என்றால் உடன். பிள்ளை பெறுபவளின் உடன் இருக்கும் பெண்.

இதே 'வீஃப்' ஜெர்மன் மொழியில் 'வைப்'. அங்கே அது மனைவி என்று சுருங்கவில்லை, மதிப்பிழந்து கீழே இறங்கிவிட்டது. இன்று ஒரு பெண்ணை அப்படிச் சொன்னால் வசவு. ஒரு காலத்தில் உயர்குடிப் பெண்களை மட்டும் குறித்த 'ஃப்ராவ்' அந்த இடத்துக்கு வந்து எல்லாப் பெண்களுக்கும் பொதுவாகிவிட்டது. இலையுதிர் காலத்தில் திடீரென்று வரும் சில இதமான வெயில் நாள்களை ஜெர்மானியர்கள் 'கிழவிகளின் கோடை' என்கிறார்கள். பழைய 'வைப்' அந்தப் பெயருக்குள் இருக்கிறது. இது முதிய பெண்களை இழிவுபடுத்துகிறது என்று வழக்கே நடந்தது. அப்படி இல்லை என்று டார்ம்ஷ்டாட் நகர நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எப்படியோ, வழக்குப் போட்டவரின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. என் பாட்டிக்கும் 'கிழவி' என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் வாடிவிடும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரே வேரிலிருந்து பிறந்தும் சில சொற்கள் ஏறுகின்றன, சில இறங்குகின்றன. கிரேக்கத்தின் 'குனே', பாரசீகத்தின் 'ஸன்', ரஷ்யத்தின் 'ஷெனா', சமஸ்கிருதத்தின் 'ஜனி' எல்லாம் பெண்ணையோ மனைவியையோ குறிக்கும் ஒரே இந்தோ ஐரோப்பிய வேரின் கிளைகள். ஆங்கிலத்தில் அதே வேர் 'குவீன்' என்று இரண்டு சொல்லாக நின்றது. ஒன்று அரசி. எழுத்து மட்டும் சற்று மாறிய மற்றொன்று, இன்று வழக்கிழந்துவிட்டது, நடத்தை கெட்டவள் என்ற பழிச்சொல்.

சரி, பாட்டிக்கு வருவோம். அம்மாவைக் குறிக்கும் சொற்களில் 'ம', 'ந' போன்ற மூக்கொலிகள் உலகெங்கும் அதிகம். பால் குடிக்கும் குழந்தை, வாய் அடைத்திருக்கும்போது மூக்கு வழியாக எழுப்பும் முனகலே இதற்குக் காரணம் என்று மொழியியலாளர் ரோமன் யாகப்சன் விளக்கினார். ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'.

அம்மாவுக்கு ஒரு சொல் கிடைத்த பிறகு, பாட்டிக்குப் பல மொழிகள் புதுச்சொல் தேடவில்லை. அம்மாவின் பெயரோடு ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டன. எதைச் சேர்த்தன என்பதில்தான் எனக்கு ஆர்வம். பிரெஞ்சு 'பெரிய அம்மா' என்றது. ஐரிஷ் 'பழைய அம்மா' என்றது. தெற்கு வேல்ஸில் 'மாம்-கி', அதாவது 'அன்பு அம்மா'. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வயதையும் அளவையும் விட்டுவிட்டு உறவின் சுவையை மட்டும் சொல்கிறது. சுவீடிஷ் மொழிக்காரர்கள் கணக்கில் கறார். அம்மாவின் அம்மா 'மூர்மூர்', அப்பாவின் அம்மா 'ஃபார்மூர்'. தமிழின் அம்மம்மா, அப்பம்மாவும் தெலுங்கின் அம்மம்மா, நானம்மாவும் அப்படியே அதே வார்ப்பு. துருக்கியிலும் இதே கட்டுமானம் உண்டு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்ததல்ல. குழந்தைக்கு இரண்டு பாட்டிகளையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

சீனத்தில் இந்தப் பிரிவினை கொஞ்சம் வலிக்கும். அப்பாவின் அம்மா 'நைநை'. அம்மாவின் அம்மாவுக்குத் தெற்கில் 'வாய்ப்போ', அதாவது 'வெளிப் பாட்டி': தந்தை வழிக் குடும்பத்துக்கு வெளியே இருப்பவள். வடக்கில் அவளே 'லாவ்லாவ்'. 2018இல் ஷாங்காய் இரண்டாம் வகுப்புப் பாடநூலில் ஒரு கட்டுரையில் இருந்த 'வாய்ப்போ'வை 'லாவ்லாவ்' என்று மாற்றியிருந்தது தெரிந்ததும் மக்கள் கொதித்துவிட்டார்கள். கடைசியில் பழைய சொல்லையே திரும்ப வைத்தார்கள். 'வெளி' என்ற அடைமொழி இருந்தாலும், அவர்கள் வாயாரக் கூப்பிட்டு வளர்ந்த பெயர் அது. வேர்ப்பொருள் ஒரு பக்கம், சொல்லோடு வாழ்ந்த வாழ்க்கை ஒரு பக்கம்.

இப்போது தமிழ். 'பாட்டி' என்ற சொல்லைப் பழைய நூல்களில் தேடினால் திகைப்பு காத்திருக்கிறது. தொல்காப்பிய மரபியல் "பாட்டி என்ப பன்றியும் நாயும்" என்கிறது. அங்கே அது விலங்குகளின் பெண்பாற் பெயர். மதுரைக்காஞ்சியில் "பாணர் வருக பாட்டியர் வருக" என்று வருகிறதே, அங்கே பாட்டியர் என்போர் பாணர் குலப் பெண்கள். மூதாட்டி, சீமாட்டி, பெண்டாட்டி ஆகியவற்றில் வரும் 'ஆட்டி' வேறு. அது 'ஆள்' என்பதன் பெண்பால். மணவாளனுக்கு மணவாட்டி போல. பெண்டாட்டி என்ற சொல்லைச் சலிப்போடு உச்சரிப்பவர்கள், ஆளுகிற 'ஆள்' அதற்குள் இருப்பதை ஒருமுறை கவனிக்கலாம்.

அப்புறம் 'கிழவி'. தொல்காப்பியத்தின் களவியலில் காதலிக்கும் இளம் தலைவனும் தலைவியும் 'கிழவனும் கிழத்தியும்'. அங்கே முதுமையின் சாயல்கூடக் கிடையாது. கிழமை என்றால் உரிமை. கிழவன் உரியவன், கிழத்தி உரியவள். என்றும் இளையவனான முருகனைத் திருமுருகாற்றுப்படை தன் கடைசி அடியில் 'மலைகிழவோனே' என்று அழைப்பதும் மலைக்கு உரியவன் என்ற பொருளில்தான். பிற்காலத்தில் உரிமை உதிர்ந்து வயது மட்டும் நின்றது. பழைய பொருள் முழுக்கப் போய்விடவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லும்போதெல்லாம், ஞாயிற்றுக்கு உரிய நாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.